டொலினாவை எண்ணவில்லை

எங்கள் படகுத்துறையில் ஒரு வழக்கம். படகில் ஏறும் வெளியூர்க்காரர்களை எண்ணுவார்கள், ஊர்க்காரர்களை எண்ணமாட்டார்கள். கயிறு, நங்கூரம் மாதிரி அவர்களும் படகோடு சேர்த்தி. இஷ்பெல்லை மாட்டிவிட்டது அந்த வழக்கம்தான்.

அன்று காலை பறவைத் தீவுகளுக்குப் பன்னிரண்டு பேர். லாக்லன் சுக்கான் பிடித்தான். அவன் மனைவி இஷ்பெல் டீயும், ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியும் கொடுத்து, ஆட்களை எண்ணி ஏற்றி இறக்கினாள். லாக்லனின் அக்கா டொலினா வழக்கம்போலச் சீட்டில்லாமல் ஏறி, என்ஜின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டாள். தீவுக் காற்று முட்டிவலிக்கு நல்லது என்பது அவள் சொல்லும் காரணம். பாதிரியார் கண்ணில் படாமல் பாறைக்குப் பின்னால் ஒரு சிகரெட் பிடிக்கலாம் என்பது ஊருக்கே தெரிந்த காரணம்.

இரண்டு வாரமாக இஷ்பெல் அவளோடு பேசுவதில்லை. தேவாலயத்துத் தேநீர் விருந்தில் எல்லார் எதிரிலும், இஷ்பெல்லின் ஸ்கோன் கடையில் வாங்கியது, காலிப் பொட்டலத்தைக் குப்பைத்தொட்டியில் கண்ணால் பார்த்தேன் என்று டொலினா போட்டு உடைத்திருந்தாள். உண்மைதான். அதனால்தான் அப்படி வலித்தது. இன்றைக்கும் போகும் வழியெல்லாம் ஒரு ஜெர்மன் தம்பதியைப் பிடித்து, ஸ்கோன் மாவை எப்படிப் பிசைய வேண்டும் என்று உரக்க விளக்கிக்கொண்டே வந்தாள்.

மத்தியானம் மேற்குக் காற்று கிளம்பியது. இறங்குபாறையில் அலை ஏற ஆரம்பிக்க, லாக்லன் எல்லாரையும் அவசரப்படுத்தினான். இஷ்பெல் ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்றினாள். பன்னிரண்டு. கணக்குச் சரி. படகு கிளம்பியது.

எவ்வளவு அமைதி! கடற்பறவைகளின் கத்தல்கூடக் காதுக்கு இதமாக இருந்தது. இஷ்பெல் தனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு, அந்தக் கடை ஸ்கோனையே ரசித்துத் தின்றாள். என்ஜின் மூடிமேல் டொலினாவின் கம்பளிப் பின்னல் பை மட்டும் இருந்தது. பார்த்தாள். முன்னால் தம்பியிடம் என்னைப் பற்றி வத்திவைக்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

இருபது நிமிஷம் கழித்து ஜெர்மன்காரம்மாள்தான், மாவு பிசையச் சொல்லிக்கொடுத்த அந்த அம்மா எங்கே என்று கேட்டாள்.

இஷ்பெல் கோப்பையைப் போட்டுவிட்டு எழுந்தாள். முன்னால் ஓடிப் பார்த்தாள். லாக்லன் தனியாக நின்றிருந்தான். விஷயம் கேட்டதும் படகைத் திருப்பினான்.

"நான் வேணும்னே விட்டுட்டு வந்துட்டேன்னுதான் ஊர்ல பேசுவாங்க."

"முதல்ல அவ உசிரோட இருக்கட்டும். ஊர் எங்கயும் போயிடாது."

தீவில் இறங்குபாறை நுரைக்குள் மூழ்கிக் கிடந்தது. அதற்கு மேலே டொலினா நனைந்து உட்கார்ந்திருந்தாள், ஒரு காலில் செருப்பில்லை. பஃபின் பறவைகள் தோண்டிய வளைக்குள் கால் போய்ச் சுளுக்கிக்கொண்டது. கத்தியதைக் காற்று கொண்டுபோய்விட்டது. இரண்டு தடவை படகை அலை தள்ளிவிட்டது. மூன்றாவது தடவை இஷ்பெல் முன்முனையில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் அவளைப் பிடித்து உள்ளே இழுத்தாள். தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு, டீயைக் கையில் கொடுத்தாள்.

டொலினா பாதிக் கோப்பையைக் குடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

உடனே தெரிந்துவிட்டது என்ற பொய் இஷ்பெல்லின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அந்த ஜெர்மன்காரம்மா கேட்டப்பதான். இருபது நிமிஷம் நீங்க இல்லைன்னே தோணலை. நிம்மதியா இருந்துச்சு, டொலினா."

"நீ வேணும்னே விட்டுட்டுப் போறேன்னு நினைச்சேன்."

"சத்தியமா இல்லை."

"வேணும்னு விட்டிருந்தா, என்னை நினைச்சாவது இருப்பே."



படகு வரத் தாமதமானதால் துறையில் அரை ஊர் காத்திருந்தது. கால் தவறி வளைக்குள் போய்விட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு டொலினா நொண்டியபடி வீட்டுக்குப் போனாள். அவ்வளவு பெரிய சமாசாரத்தை அவள் ஒரே வரியில் முடித்தது ஊருக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி படகேற வந்தாள். அன்று வெளியூர்க்காரர்கள் ஒன்பது பேர். அவர்களுக்குப் பின் இஷ்பெல் அவளையும் கைகொடுத்து ஏற்றி, எல்லார் காதிலும் விழும்படி, "பத்து" என்றாள். டொலினா என்ஜின் மூடிமேல் உட்கார்ந்து பின்னலை எடுத்தாள். வழியெல்லாம் யாரோடும் பேசவில்லை. இஷ்பெல்லுக்கு டீ ஊற்றவே முடியவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பித் திரும்பி அந்த மூடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.