சூட்டோடு மடித்த மூடி

பீரங்கியார் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும், மீதியில் இன்னும் பாதியைக் கழிக்க வேண்டும், அப்புறம் கையில் நிற்பது ஓரளவு உண்மையாக இருக்கலாம் என்று அவருடைய மனைவியே சொல்வார். பீரங்கி என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர். தலை நரைத்தும், மூன்று தொழில் மாறியும், பெயர் மட்டும் மாறவில்லை. நல்ல மனிதர்தான். வாய் முன்னால் ஓடிவிடும், மனிதர் பின்னால் மூச்சிரைக்க வந்து சேருவார்.

அவருடைய பட்டறையில் இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் வார்ப்பு மெஷின். மேலே புனலில் ஜவ்வரிசி போன்ற குருணையைக் கொட்டினால், சூடான குழாய்க்குள் போய்க் கூழாகி, இரும்பு அச்சுக்குள் பாய்ந்து, குளிர்ந்து, பொருளாகக் கீழே விழும். மெஷினை ஓட்டுவது மனைவி. வெளியே போய்ப் பேசுவது பீரங்கியார். இத்தனை வருஷமும் வாளிக் கைப்பிடி, நாற்காலிக் காலுக்கு மாட்டும் குல்லாய், பாட்டில் மூடி என்று அடுத்தவர் பொருளுக்கு வேண்டியதைத்தான் வார்த்துக் கொடுத்தார்கள். "ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தது போதும். இனிமே நம்ம பிள்ளை" என்று சொல்லி, பீரங்கியார் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு பொருளைச் செய்யக் கிளம்பினார்.

அது ஒரு மாத்திரை டப்பா. உள்ளங்கையில் அடங்கும். டப்பாவும் மூடியும் ஒரே துண்டு. இரண்டுக்கும் நடுவே காகிதக் கனத்தில் ஒரு மடிப்பு இருக்கும். ஆணியும் இல்லை, கம்பியும் இல்லை. அடியில் அவருடைய பட்டறையின் பெயர் பொறித்திருக்கும். அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்துப் பார்த்தே அவருக்கு ரேகை தேய்ந்திருக்கும்.

"இது பி.பி. பிளாஸ்டிக்" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்வார். "டாக்டர் சொல்ற பி.பி. இல்ல, பாலிபுரொப்பிலீன். தண்ணியில மிதக்கும், ஆனா தண்ணி குடிக்காது. கொதிக்கிற தண்ணிய ஊத்தினாலும் அசையாது. எண்ணெய், அமிலம் எதுக்கும் மசியாது. சாக்கும் இதுதான், கயிறும் இதுதான், ஊசி போடற சிரிஞ்சும் இதுதான். மடிச்சா மடிச்சுக்கிட்டே இருக்கலாம், உங்க ஆயுசு முடியும், இதோட ஆயுசு முடியாது!"

கடைசி வாக்கியத்தை மாத்திரை வாங்க வருபவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று மனைவி கேட்டுக்கொண்டார்.

மாதிரி டப்பாக்களை வாங்கிப்போன மருந்துக்கடை அம்மாவுக்குப் பல தெருக்களில் கடை. வாரம் முழுக்கத் தன் மேசையில் வைத்துத் திறந்து திறந்து மூடிப் பார்த்திருக்கிறார். எதுவும் ஆகவில்லை. எல்லாக் கடைக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: "ஒரு மூடி கையோட வந்துச்சுன்னாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவேன். வயசானவங்க கையில போற பொருள்."

இந்த இடத்தில் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் அண்ணன், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வேலையில் இருந்த காலமெல்லாம் டிக்கெட்டில் துளை போடும் இடுக்கியால் கம்பியில் டக் டக் என்று தட்டியே கூட்டத்தை உள்ளே தள்ளியவர். இடுக்கியைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அவர் கை சும்மா இருக்க மறுத்தது. தனி ஆள். அறையில் உட்கார்ந்தால் நாலு சுவரும் முறைக்கிறது என்று தங்கையின் பட்டறைக்கு வந்துவிடுவார். மாதிரி டப்பா வார்த்த நாளிலிருந்தே மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டப்பா விழுந்ததும் சூடு ஆறுவதற்குள் எடுத்து, மூடியை டக் டக் டக் என்று மூடித் திறந்து மூடிக் கூடையில் போடுவார். வாயும் சும்மா இருக்காது.

"உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் நெறைய இருக்கு" என்பார் டப்பாவிடம்.

தங்கை சிரிப்பார். பீரங்கியாருக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். பேசுவதற்குத் தான் ஒருத்தர் இருக்கையில் இன்னொரு வாய் எதற்கு என்பதுதான் உள்ளே கிடந்த வருத்தம்.

ஆர்டரை உறுதி செய்ய மருந்துக்கடை அம்மா போன் செய்தபோது பீரங்கியார் வழக்கம்போல் அளந்துகொண்டிருந்தார். "நம்ம பட்டறை ஆபரேஷன் தியேட்டர் மாதிரிங்க. ஊசி விழுந்தா சத்தம் கேக்கும்."

"அப்ப அது என்ன, டக்கு டக்குன்னு? மெஷின் ரிப்பேரா?"

பீரங்கியாரின் காது சிவந்துவிட்டது. ஏதோ சொல்லிச் சமாளித்துப் போனை வைத்துவிட்டு நேராக ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"மச்சான், இது வேலை நடக்கற எடம். உங்களுக்கு இங்க என்ன வேலை?"

மச்சானின் கையில் ஒரு டப்பா பாதி திறந்தபடி நின்றது. அதை மெதுவாக மூடிக் கூடையில் வைத்தார். "சரி மாப்பிள்ளை. நான் எறங்கிக்கிறேன்" என்று எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை. ஏன் என்று கேட்கப் பீரங்கியாருக்குத் துணிச்சலும் இல்லை.

பட்டறை நிஜமாகவே ஆபரேஷன் தியேட்டர் ஆனது. டப்பாக்கள் திறந்த வாயோடு நேரே கூடையில் விழுந்தன, ஆறின. மறுநாள் காலையில் மூடி அடுக்கினால் போதும். மனைவி முதல் டப்பாவை எடுத்து மூடினார். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தது. இரண்டாவதை மூடித் திறந்ததும் மூடி தனியாகக் கையில் வந்தது. சில டப்பாக்கள் பத்து மடிப்பு வரை தாங்கின, சில முதல் மடிப்பிலேயே போயின.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்றார் மனைவி.

அடுத்த சில நாள் பீரங்கியார் சும்மா இருக்கவில்லை. குருணை மூட்டை மட்டம் என்றார், வேறு மூட்டை வந்தது, மூடி உடைந்தது. குருணையில் ஈரம் என்றார். "இது தண்ணி குடிக்கிற பிளாஸ்டிக்கே இல்லைன்னு நீங்கதானே ஊர் முழுக்கச் சொன்னீங்க?" என்றார் மனைவி. சூட்டை ஏற்றினார்கள், இறக்கினார்கள், அழுத்தத்தைக் கூட்டினார்கள். பீரங்கியார் மின்சாரத்தைக் குறை சொன்னார், அப்புறம் வானிலையைக் குறை சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். சரக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. டப்பாவின் அடியில் இருப்பது அவருடைய பெயர். அது கூடை கூடையாக உடைந்து திரும்பி வருவது கனவிலும் வந்தது.

"எங்க அண்ணன் எந்திரிச்சுப் போன நாள்லேருந்து எதுவும் வெளங்கல" என்றார் மனைவி, மெஷின் கதவைத் தள்ளிக்கொண்டே.

அவ்வளவுதான், பீரங்கி வெடித்தது. "ஆமா! உங்க அண்ணன் இருந்திருந்தா கிழிச்சிருப்பாரு! என்ன பண்ணுவாரு? இப்படித்தானே?" அப்போதுதான் விழுந்த டப்பாவைப் பாய்ந்து எடுத்தார். விரல் சுட்டது. விடவில்லை. தோளைக் குறுக்கி, கழுத்தைச் சாய்த்து, மச்சான் குரலிலேயே, "உள்ள போங்க, உள்ள போங்க!" டக் டக் டக். "உள்ள எடம் நெறைய இருக்கு!" டக் டக் டக். நன்றாகத்தான் நடித்தார். மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. டப்பாவைக் கூடையில் எறிந்துவிட்டு விருட்டென்று வெளியே போனார்.

மறுநாள் காலையில் கூடை நிறைய டப்பாக்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஒன்று மட்டும் மூடியிருந்தது. மனைவி அதை எடுத்துத் திறந்தார், மூடினார், திறந்தார். ஒரு கை சலித்ததும் இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். வெள்ளைக் கோடு இல்லை, கீறல் இல்லை.

"இது மட்டும் ஏன் மூடியிருக்கு?"

"அது நேத்து நான் உங்க அண்ணன் மாதிரி..." என்று ஆரம்பித்த பீரங்கியாருக்கு வாக்கியம் முடியவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு பேரும் மெஷினை ஓட்டினார்கள். விழுந்த டப்பாக்களைச் சூட்டோடு மடித்தார்கள். ஆறியபின் பார்த்தால் ஒன்றுகூட உடையவில்லை. பீரங்கியார் அச்சு செய்து கொடுத்தவருக்குப் போன் போட்டார்.

"சூட்டோட மடிக்கணும்னு மோல்டு குடுத்த அன்னைக்கே சொன்னேனே!" என்றார் அச்சுக்காரர். "உள்ள இழையெல்லாம் தாறுமாறா கெடக்கும். சூடு இருக்கறப்பவே நாலஞ்சு தடவ மடிச்சா, ஈரத்தலைய சீவின மாதிரி ஒரே பக்கமா படிஞ்சிடும். ஆறினப்புறம் மடிச்சா முறியும். நீங்கதான் காதுல வாங்கல. அடுத்து ராக்கெட்டுக்குப் பாகம் செய்யப்போறேன்னு பேசிக்கிட்டு இருந்தீங்க."

பீரங்கியாருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, மச்சானின் கையில் பாதி திறந்து நின்ற அந்த டப்பா நினைவுக்கு வந்ததுதான் அதிகம் வலித்தது. இருந்தாலும் வீம்பு விடுமா? யாரிடமும் சொல்ல வேண்டாம், நானே மடித்துக்கொள்கிறேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். கட்டைவிரல் சிவந்தது. போன் வந்தது, எடுத்தார், பேசினார், அதற்குள் பத்துப் பன்னிரண்டு டப்பா ஆறிப்போனது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததில் கொட்டாவி வந்தது, கண் சொருகியது.

"நான் மெஷின விட்டு நகர முடியாது" என்றார் மனைவி. "நமக்குத் தெரிஞ்சு இதுக்கு ஆள் ஒருத்தர்தான். எறக்கி விட்டவரு நீங்க. நீங்களே போய் ஏத்திக்கிட்டு வாங்க."

மச்சானின் அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே பஸ் டிப்போ. அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கையில் பட்டறையின் மாதிரி டப்பாக்களில் ஒன்று, உள்ளே இருமல் மிட்டாய். மூடி திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பீரங்கியாரை இன்னும் வாட்டியது.

பீரங்கியார் நடந்ததையெல்லாம் சொன்னார். ஒரு பொட்டு கூட்டவில்லை, ஒரு பொட்டு குறைக்கவில்லை. மச்சான் கேட்டு முடித்துச் சிரித்தார்.

"தங்கச்சி சொல்லி அனுப்பிச்சாளா? நான் மூடிய ஆட்டலன்னா டப்பா ஒடையுதா? மாப்பிள்ளை, நீங்க எத்தனையோ விட்டிருக்கீங்க, இது கொஞ்சம் ஜாஸ்தி. சும்மா இருக்கற மனுஷன் பாவம்னு கூப்பிடறீங்க. டிக்கெட் இல்லாம வண்டியில உக்காந்து எனக்குப் பழக்கமில்ல."

புலி வருது புலி வருது என்று கத்தியவன் நிலைமைதான் பீரங்கியாருக்கும். ஆயுளில் முதல் தடவையாக முழு உண்மையைச் சொல்கிறார், வாங்க ஆள் இல்லை. பேசி இதை ஜெயிக்க முடியாது என்று அவருக்கே புரிந்தது. சட்டைப் பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து நீட்டினார்.

"நான் ஒண்ணும் பேசல. நீங்களே தெறந்து மூடுங்க."

மச்சான் முதல் டப்பாவை எடுத்தார். டக். மூடி கையோடு வந்தது. "ஐயையோ, ஒடைச்சிட்டேனே!" என்று பதறினார்.

"அது ஆறினப்புறம் மடிச்சது. இன்னொண்ணப் பாருங்க."

டக் டக் டக். நிறுத்தாமல் மடித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. கையில் இருந்த மிட்டாய் டப்பாவைத் திருப்பி அதன் மடிப்பைத் தடவினார். வெளியே ஒரு பஸ் கிளம்பிப் போனது, அவர் அதைப் பார்க்கவில்லை.

"அப்ப நான் இத்தனை நாளா பண்ணது..."

"வேலை மச்சான். எங்க எல்லாருக்கும் மேல நீங்கதான் வேலை பாத்திருக்கீங்க. பக்கத்துலயே இருந்தும் எனக்குத் தெரியல."

"எனக்கு மட்டும் தெரியுமா? கை அரிச்சுது, பண்ணேன்."

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டது தப்பு. மன்னிச்சிடுங்க."

மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். "ஸ்டூலுக்கு ஒரு மெத்தை வேணும் மாப்பிள்ளை. பழைய வண்டி, இடுப்பு தாங்காது" என்றார்.

மெத்தை வந்தது. உடைந்த டப்பாக்களை எல்லாம் அரைத்து வாளிக் கைப்பிடியாக்கினார்கள். மச்சான் விரலுக்கு உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பட்டறையில் மறுபடியும் டக் டக் டக், உள்ள போங்க, உள்ள போங்க. சொன்ன நாளில் சரக்குப் போய்ச் சேர்ந்தது. வாரங்கள் போயின, ஒரு மூடிகூடத் திரும்பி வரவில்லை. அப்புறம் ஒரு பகல் போன் அடித்தது.

"இன்னும் ரெண்டு மடங்கு வேணும்" என்றார் மருந்துக்கடை அம்மா. உடனே, "என்னங்க, மறுபடியும் அந்த டக்கு டக்கு? இன்னும் ரிப்பேர் முடியலையா?"

மனைவி நிமிர்ந்து பார்த்தார். மச்சானின் கை, பாதி திறந்த டப்பாவோடு அப்படியே நின்றது. பக்கத்துக் கடையில் தச்சு வேலை, மாடியில் டைல்ஸ் வேலை என்று பீரங்கியாரின் நாக்கு நுனியில் பொய்கள் வரிசை கட்டி நின்றன.

"ரிப்பேர் இல்லீங்கம்மா. அது எங்க மச்சான். சூடா வர்ற ஒவ்வொரு டப்பாவையும் அவர்தான் மடிச்சுப் பழக்கறாரு. அதனாலதான் உங்களுக்கு ஒண்ணுகூட ஒடையல. அந்தச் சத்தம் நின்னாதான் நீங்க கவலைப்படணும்."

"இப்ப நின்னு போச்சே?" என்றார் அந்த அம்மா.

பீரங்கியார் போனைக் கையால் பொத்திக்கொள்ளவில்லை. "மச்சான்! ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கத்தினார்.

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போலாம், ரைட்!"

டக் டக் டக்.