நூற்றுக்குப் பத்து

தொட்டியில் இருந்த தாய்மீன்கள் எண்பத்திரண்டு. குஞ்சிலிருந்து நாலு வருஷம் வளர்த்தவை. அவை முட்டையிட்டால்தான் பண்ணை உண்டு. அவை போனால் புருஷனும் பெண்டாட்டியும் பழையபடி அடுத்தவர் பண்ணையில் வலை கழுவப் போக வேண்டியதுதான். அதனால் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தத் தொட்டியைப் பார்த்துவந்தாள். அப்படியும் நேற்று நாலைந்து மீன்களின் உடம்பில் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் வந்துவிட்டன.

அதற்கு மருந்து மயில்துத்தம். நோயைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் நடுவே இருப்பது ஒரு நூலிழைதான். புருஷனோ எதையும் கண்ணளவில் அள்ளிப் போடுகிற ஆசாமி. ஆகவே கரைசல் கலப்பதை அவள் அவனிடம் விட்டதே இல்லை. சுவரில் ஒட்டிய சீட்டுப்படி ஒரு கிலோ மயில்துத்தம், ஒன்பது கிலோ தண்ணீர். மொத்தம் பத்து கிலோவில் ஒரு கிலோ, அதாவது நூற்றுக்குப் பத்து. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பத்து கிலோ தண்ணீரில் ஒரு கிலோவைப் போட்டுவிட்டு அதையும் நூற்றுக்குப் பத்து என்பார்கள். தண்ணீருக்குப் பத்தா, மொத்தத்துக்குப் பத்தா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். அந்தத் தப்பு தனக்கு வராது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வரவும் இல்லை, பாவம்.

காலையில் புதுச் சாக்கைப் பிரித்தாள். எப்போதும் நீலக் கற்களாக வருவது இந்தத் தடவை சாம்பல் வெள்ளையில் தூளாக இருந்தது. பழைய சரக்கு, வெளுத்திருக்கும் என்று நினைத்தாள். தண்ணீரில் கொட்டியதும் நீலம் பளிச்சென்று வந்துவிட்டதால் அந்தச் சந்தேகமும் போயிற்று. கலக்கும்போது வாளி வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் படுகிறது என்று வாளியை நிழலுக்கு நகர்த்திவைத்தாள். அவள் சொன்ன அளவைப் புருஷன் தொட்டியில் ஊற்றினான்.

ஒரு மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இரண்டு மூன்று ஒருக்களித்து மிதந்தன. புருஷன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"நோய் முத்திப்போச்சு. மருந்து பத்தல. இன்னும் பாதி ஊத்தட்டுமா?"

அவள் காகிதத்தை எடுத்துத் தொட்டியின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் போட்டுப் பெருக்கினாள். கரைசலின் பத்துச் சதவீதத்தைப் போட்டு வகுத்தாள். ஒரு தப்பாவது அகப்படாதா என்று மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் அதே விடைதான் வந்தது. சீட்டில் இருந்த உச்ச அளவுக்கு இன்னும் இடம் இருந்தது. புருஷன் வாசலில் நின்று காலை மாற்றிக்கொண்டிருந்தான்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. ஊத்துங்க."

அவன் போனான். ஈரம் ஏறாமல் இருக்கட்டும் என்று அவள் சாக்கின் வாயைக் கட்டக் குனிந்தாள். அடிப்பக்கம் மடிந்திருந்த சீட்டு அப்போதுதான் கண்ணில் பட்டது. நீர் நீக்கிய தூள்.

நீலக் கல் தொட்டால் காய்ந்துதான் இருக்கும். ஆனால் அதில் நூறு கிராமுக்கு முப்பத்தாறு கிராம் உள்ளே பூட்டிய தண்ணீர். சுவர்ச் சீட்டு எழுதியிருப்பது அந்தக் கல்லுக்கு. இந்தத் தூளில் அந்தத் தண்ணீர் இல்லை, அத்தனையும் சரக்கு. அவள் பத்து என்று கலந்தது, கல் கணக்குக்குப் பதினைந்தையும் தாண்டியிருந்தது. கூட்டலும் பெருக்கலும் மூன்று தடவை சரிபார்த்தவள் சாக்கை ஒரு தடவை படிக்கவில்லை.

ஓடினாள். அவன் காலி டம்ளரோடு நின்றிருந்தான். தண்ணீர் முழுக்க வெள்ளை வயிறுகள். அவள் வடிகால் குழாயை இரண்டு கையாலும் முழுக்கத் திறந்தாள். தண்ணீர் மாற இரண்டு மணி நேரம் ஆகும், மீன்கள் இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது என்று தெரிந்தும் திறந்தாள்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கை வைத்தான்.

"விடு. நோய் வந்தா யார் என்ன பண்ண முடியும்? நீ சொன்ன அளவுதான் ஊத்தினேன். ஒரு சொட்டு கூடப் போகல."

சொல்லாமல் இருந்துவிடலாம். சாக்கை அடுப்பில் போட்டால் போயிற்று. அவள் அதையும் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். பிறகு ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள், கடைசியில் ஊற்றச் சொன்னது வரைக்கும்.

அவன் அவள் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டான்.