ஆபேல் பாவாவின் யார்க்கர்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கல்யாணமானவர்களும் ஆகாதவர்களும் மோதும் கிரிக்கெட், திருத்தணியில் தேவாலயச் சபையாருக்கு வழக்கம். போன வருடம் புது மாப்பிள்ளையாக மட்டை பிடித்த ஜெபசிங்கை, கல்யாணமாகாத ஆபேல் முதல் பந்திலேயே ஸ்டம்பைப் பெயர்த்து அனுப்பிவிட்டான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜெபசிங்கின் மனைவி ஜெமிமா அல்லவா வாய்விட்டுச் சிரித்தாள்!

ஆபேல் அவளுக்கு அத்தை மகன். அவனுக்குத்தான் அவளைக் கொடுப்பதாக ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. அத்தானை அந்தப் பக்கத்தில் அழைப்பதுபோல் "பாவா" என்று அவள் அவனைக் கூப்பிடும்போதெல்லாம் ஜெபசிங்குக்கு நெஞ்சுக்குள் மிளகாய் அரைபடும்.

இந்த வருடம் கிளம்பும்போது ஜெமிமா தானாகவே பேச்சை எடுத்தாள். பாவா போடும் யார்க்கர் சரியாகக் கால் விரலருகே குத்தும். எழும்பவே எழும்பாது, அடியில் மட்டையைக் கொடுத்துத் தூக்க இடம் இருக்காது. சிக்ஸர் ஆசையில் மட்டையை ஓங்கினால், அது இறங்கி வருவதற்குள் பந்து புகுந்துவிடும் என்றாள்.

"ஸ்டம்ப ஒட்டி உள்ள தள்ளி நில்லுங்க. பந்து முன்னாலயே குத்திடும். மட்டைய மட்டும் ஓங்காதீங்க."

"அவன் பந்து உனக்கு அவ்ளோ அத்துப்படியா?"

"சின்னதுலேர்ந்து கூட ஆடிகினு இருந்தவ, தெரியாதா?"

அந்தப் பதில்தான் அவனை எரித்தது. அவள் சொன்னபடி நிற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டே மைதானத்துக்குப் போனான்.

ஆபேலின் முதல் பந்துக்கு மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கினான். பந்து மட்டைக்கு அடியில் புகுந்து, ஸ்டம்பை மயிரிழையில் தவறவிட்டது. ஜெபசிங் ஓரக்கண்ணால் பார்த்தான். ஜெமிமா சிரிக்கவில்லை, துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வீம்பை விழுங்கிக்கொண்டு பின்னால் தள்ளி நின்றான். மட்டையை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கவில்லை. அடுத்த பந்து காலுக்கு முன்னாலேயே குத்தி லேசாக எழும்பியது. தள்ளிவிட்டான். எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடியது.

ஆபேல் பக்கத்தில் வந்தான். "ஜெமி சொன்னாளாண்ணா?"

"ஆங்."

"எங்க வூட்ல என் யார்க்கர அடிக்கறது அவ ஒருத்திதான். எப்டின்னு எத்தினி வாட்டி கெஞ்சியிருப்பேன். சிரிப்பாளே தவிர, சொன்னதே இல்ல."

பந்தைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டே தலைகுனிந்து திரும்பி நடந்தான். தன் முகத்தில் இத்தனை நாளும் இருந்தது இப்போது அவன் முகத்தில் இருப்பதை ஜெபசிங் கண்டான். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆபேல் ஓடி வரத் தயாரானபோது, அவன் பார்க்கும்படியாகவே ஜெமிமாவுக்குக் கையசைத்துவிட்டு, ஸ்டம்பை ஒட்டி நின்றான்.