நோய் வராத மீன்கள்

ஆய்வுக்கூடத்தில் மீன் தொட்டி கழுவுவதும் தீனி போடுவதும் என் வேலை. ஒரு மீன் சுணங்கினாலும் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன், இந்த மீன்களுக்கு நோய் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

என் மகளின் முதல் குழந்தை இதயக் கோளாறோடு பிறந்து, வீட்டுக்கு வராமலே போய்விட்டது. மரபணுவில் பிழையே இல்லை என்றது மருத்துவமனை. இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள்.

ஆராய்ச்சி செய்யும் மேடம் மருத்துவமனையில் எடுத்து வைத்திருந்த அந்தக் குழந்தையின் ரத்தத்தை வாங்கி, அதிலிருந்த மரபணுக்களைப் படித்து, கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் தேடினார். "மரபணு நல்லாத்தான் இருக்கு அண்ணே. அதை எப்போ வேலை செய்ய வைக்கணும்னு சொல்ற சுவிட்ச் ஒண்ணு மரபணுவுக்கு வெளியே தள்ளி இருக்கு. அதுதான் கெட்டிருக்கணும்" என்றார். மீனிலும் கோழியிலும் மனிதனிலும் அந்த சுவிட்ச் துண்டு கிட்டத்தட்ட ஒன்றேயாம். மீன் முட்டையில் அதை வெட்டி எடுத்துப் பார்ப்பார். குஞ்சுகளின் இதயம் கெட்டால் அவர் கண்டுபிடித்தது சரி; வயிற்றுப் பிள்ளைக்கும் அதே பிழை இருக்கிறதா என்று சோதித்துவிடலாம்.

மாமா மீனிடம் ஜோசியம் கேட்கிறார் என்று மருமகன் கிண்டலடித்தான். தினமும் போன் போட்டு விசாரித்ததும் அவன்தான்.

வெட்டிய முட்டை எது, வெட்டாதது எது என்று பார்ப்பவருக்குத் தெரியக்கூடாதாம். கிண்ணங்களில் எண் மட்டுமே. குஞ்சுகள் கண்ணாடி போல. மைக்ராஸ்கோப்பில் இதயம் துடிப்பது தெரியும். ஒரு கிண்ணத்தில் மட்டும் துடிப்பு மந்தமாக, உருவமும் சிறுத்திருந்தது. மேடம் கூப்பிட்டுக் காட்டினார். சந்தோஷத்தில் மறுபடி மறுபடி குனிந்து பார்த்தேன்.

எந்த எண் எது என்று எழுதிவைத்த தாளைப் பிரித்துப் பார்த்தால், அது வெட்டாத கிண்ணம். ஏசிக்கு நேர் கீழே இருந்து குளிர்ந்து போயிருக்கிறது. வெட்டியவை எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன.

"இந்த சுவிட்ச் போனா வேற ஒண்ணு பாத்துக்குது போல. இல்ல, நான் தேடின இடமே தப்பு. எதுன்னு சொல்ல வருஷக்கணக்காகும் அண்ணே" என்றார் மேடம். என் முகத்தைப் பார்க்கவில்லை. மகளுக்கு இது ஏழாம் மாதம்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். மீன்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்றேன்.

"ஒண்ணுக்குக்கூட எதுவும் இல்லையாப்பா?"

"இல்லம்மா."

வைத்துவிட்டாள். தீனி போடும் நேரம். மூடியைத் திறந்ததும் பெரிய மீன்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன. போட்டேன்.