இருமல் வண்டி

சவ வண்டியின் டிரைவர் சந்து முனையிலிருந்து மறுபடியும் ஹாரன் அடித்தபோது, அவள் புருஷனின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள்.

"யாராவது அந்த லாரிய எடுங்கப்பா. எனக்கு இதுக்கப்புறம் இன்னொரு வீடு இருக்கு" என்று அவன் ஏற்கனவே வாசல்வரை நடந்துவந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவன் சொன்னதில் தப்பில்லை. மெயின் ரோட்டிலிருந்து வீட்டுப் பக்கம் சரிந்து இறங்கும் அந்தச் சந்தின் அகலமே ஒரு வண்டிதான். அந்த ஒரு வண்டி ஏற்கனவே வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. செத்தவர் மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்கிய பழைய மினி லாரி. நேற்று மத்தியானம் அதன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடிதான் அவர் உயிர் போனது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். லாரிதான் நிறுத்திவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள்.

எடுக்க ஆள் இல்லாமல் இல்லை. எதிர்ச்சுவரை ஒட்டிக் காலையிலிருந்து அவளுடைய கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். லாரி ஓட்டிப் பிழைப்பவன். இந்த லாரியைத் தன் அண்ணன் தலையில் கட்டியவனும் அவனேதான். யாரிடம் பேசினாலும் இனிக்க இனிக்கப் பேசுவதால் வீட்டில் அவனுக்குச் சீனி என்று பெயர். 'கண்ண மூடிக்கிட்டு வாங்குண்ணே, நான் உன்ன ஏமாத்துவேனா?' என்று சொல்லித்தான் விற்றான்.

"நான் எடுத்துத் தரேன் மாமா" என்றான் சீனி, மேஸ்திரியைப் பார்த்து. மேஸ்திரி அவளுடைய சொந்த அண்ணன். நேற்றிலிருந்து இந்த வீட்டின் சட்டமும் போலீசும் அவர்தான்.

"தொட்டே, கை இருக்காது. கண்ண மூடிக்கிட்டு வாங்கச் சொன்ன இல்ல? மூடிக்கிட்டாரு. போதுமா?"

"முகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன் மாமா. என் கூடப்பிறந்தவரு."

"கொன்னவனுக்கு எதுக்குடா முகம்?"

கூட்டத்தில் யாரும் சீனிக்காகப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அவனைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சல் இருந்ததால்தான் நேற்றிரவை ஒருவழியாகக் கழிக்க முடிந்தது என்றுகூடச் சொல்லலாம்.

"சாவி என்கிட்ட இருக்கு. நானே எடுக்கறேன்" என்றாள்.

"இவளுக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்றாள் ஒரு சித்தி. அவள் காதில் வாங்கவில்லை. படி இறங்கி, லாரிக் கதவைத் திறந்து ஏறினாள்.

ஓட்டத் தெரியுமா என்று கேட்டால், இந்த ஒரு வண்டியை மட்டும் தெரியும். அது பெற்ற பிள்ளையைவிட அதிகமாக அவளைப் படுத்தியிருந்தது. இரவு நிறுத்தினால் காலையில் தானாகக் கிளம்பாது. டீசல் வரும் வழியில் காற்றுப் புகுந்துவிடும். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கும் கை பம்பை அவள் விரல் மரத்துப்போகும்வரை அமுக்குவாள். புருஷன் காற்றை வெளியேற்றும் ஸ்க்ரூவைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை பார்ப்பார். பிறகு அவள் சீட்டில் ஏறி ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். அவர் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "இன்னும்... இன்னும்... ஏய், போதும்டி!" என்று கத்துவார். கிளம்பிய பிறகும் நிம்மதி கிடையாது. நின்ற இடத்தில் நடுங்கும். மேட்டைக் கண்டால் திணறும், இருமும், உதறிக்கொண்டு நின்றுவிடும். தெருப் பிள்ளைகள் இருமல் வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது வருவது இரண்டு தெருவுக்குக் கேட்கும்.

ஒரு மெக்கானிக் பம்ப் கோளாறு என்றான். இன்னொருவன் நாசில் என்றான். ஃபில்டரை மாற்றினார்கள், டேங்கைக் கழற்றிக் கழுவினார்கள். மூன்றாவது மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாத்தையும் மாத்தியாச்சு சார், இனிமே வண்டியத்தான் மாத்தணும்" என்றான். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அண்ணனும் தம்பியும் போனில் போட்ட சண்டையில் செத்துப்போன மாமியாரும் இழுபட்டாள். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. பேசினாலும் லாரியைப் பற்றித்தான்.

நேற்று அது வந்த சத்தமே அவளுக்குக் கேட்கவில்லை. அவள் அதைச் சொன்னபோது மேஸ்திரி உடனே தீர்ப்பு எழுதிவிட்டார். "மேட்டு மேலயே எஞ்சின் செத்திருக்கும். சத்தமில்லாம பின்னால உருட்டிக்கிட்டே வந்திருக்காரு. அந்த வயித்தெரிச்சல்லயே போயிட்டாரு மனுஷன்." செத்தவர் எப்போதும் வண்டியைப் பின்பக்கமாக இறக்கி, மூக்கு மேட்டைப் பார்க்கத்தான் நிறுத்துவார். அதனால் எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

சாவியைத் திருகினாள். கை பம்பை அமுக்க மறந்துவிட்டோமே என்று நினைப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

நடுக்கம் இல்லை. இருமல் இல்லை. அப்போதுதான் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். அவள் உட்காரும் இடத்தில் அவர் ஒரு துணியை விரித்து, அதன் மேல் டீசல் போகும் ஒரு சாண் நீளக் கறுப்பு ரப்பர் பைப்பை வைத்திருந்தார். பழைய பைப்பைக் கழற்றினால் தூக்கி எறிவார்கள். அவர் எண்ணெயெல்லாம் துடைத்து வைத்திருந்தார். எடுத்து வளைத்துப் பார்த்தாள். கிளிப் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நகக்கீறல் அளவு வெடிப்பு வாயைத் திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத இந்த வெடிப்பு வழியாகத்தான் மூன்று மாதமும் காற்று உள்ளே போயிருக்கிறது.

'இந்த இருமல் சத்தம் இனிமே என் வாசல்ல கேக்கக் கூடாது. கேட்டா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்.' நேற்றுக் காலையில் அவள்தான் சொன்னாள். அவர் சாவியை எடுத்துக்கொண்டு போனார். கேட்காமல்தான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

மத்தியானம் காய்ந்த துணியை எடுக்க அவள் வெளியே வந்தபோது அவர் சீட்டில்தான் இருந்தார். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. வீம்பு பிடித்து உட்கார்ந்திருக்கிறார், நாம் போய்க் கூப்பிட வேண்டுமாம் என்று நினைத்தாள். வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். துணியையெல்லாம் மடித்து முடித்த பிறகுதான் மறுபடி வந்து கதவைத் தட்டினாள். இன்னும் கொஞ்சம் முன்னால் பார்த்திருக்கலாமே என்றார் டாக்டர். பார்த்ததும் ஓடினேன் என்று அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

ஜன்னலில் சீனியின் முகம் தெரிந்தது. எதிர்ச்சுவரை விட்டு வந்துவிட்டான். லாரிக்காரன் காது அவனுடையது. அந்த முகத்தில் சந்தோஷம் இருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு அறையலாம்போல வந்தது.

"அண்ணி, சத்தத்தக் கேளுங்க! சுத்தமா இருக்கு. அண்ணன் கண்டுபிடிச்சிட்டாரு!"

அவள் முகத்தை மேட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணி. வண்டியால இல்லன்னு. ஒரே ஒரு தடவ அண்ணன் முகத்தப் பாத்துட்டுப் போயிடறேன்."

"வண்டியால இல்லன்னா வேற எதால?"

அவன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லு. நான் போய் என்னன்னு சொல்லணும்?" அவள் குரல் எழும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "வண்டி நல்லா ஓடி வந்துச்சு, வாசல்ல நின்னுச்சு, அவரு இங்கயே உக்காந்திருந்தாரு, நான் பாத்துட்டு உள்ள போய்த் துணி மடிச்சேன்னு சொல்லட்டுமா? அதத்தான கேக்கற?"

சீனி அவளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த பைப்பைப் பார்த்தான். அவனுக்கும் பேச வார்த்தை கிடைக்காத ஒரு நேரம் உண்டென்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அவள் பைப்பை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு கியரைப் போட்டாள். வண்டி மேட்டில் ஏறியது. எப்போதும் உதறத் தொடங்கும் மின்கம்பத்தை அலட்டிக்கொள்ளாமல் தாண்டியது. இன்னும் கொஞ்சம் மிதித்தால் தானாகவே மெயின் ரோட்டுக்குப் போய்விடும். சவ வண்டி டிரைவர்கூட வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் தள்ளினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். தலையை வெளியே நீட்டி, பின்னால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நின்னுபோச்சு."

"பாத்தீங்களா? ஆளக் கொன்னும் இதுக்கு அடங்கல" என்று யாரோ காறித் துப்பினார்கள். "சனியன்" என்றாள் சித்தி. நாலைந்து ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார்கள். "வித்தவனத் தள்ளச் சொல்லு! அவன் வண்டிதான!" என்று வாசலிலிருந்து கத்தினார் மேஸ்திரி.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே சீனி வண்டியின் பின்னால் போய்க் கையை வைத்திருந்தான். பக்கக் கண்ணாடியில் அவன் பாதி முகம் தெரிந்தது. அவன் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை விட்டாள். அவன் தலையைக் குனிந்து தோளைக் கொடுத்துத் தள்ளினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வண்டி அங்குலம் அங்குலமாக ஏறியது.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் மற்றவர்கள் கையை எடுத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். சவ வண்டி பின்பக்கமாகச் சந்துக்குள் இறங்கத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தும்மா, போதும் என்று யாரோ சொன்னார்கள். சீனி மட்டும் நிமிராமல் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் பிரேக்கை மிதிக்கவில்லை.