காற்று வாங்கும் கடை

1

இந்தக் கதை அலோர் காஜாவில் ஒரு துணிக்கடை வாசலில் பிறந்தது. பஸ்ஸுக்கு நிற்பதுபோல் அங்கே நின்றிருந்தேன். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்; இப்போதே சொன்னால் என்னை நம்ப மாட்டீர்கள்.

முதல் வரியாக எழுதியது: ‘விடியற்பனியில் ரப்பர் மரங்கள் பெருமூச்சு விட்டு…’

(அடித்தாயிற்று. ஏர்கோன் போட்ட துணிக்கடைக் கதையில் ரப்பர் மரத்துக்கு என்ன வேலை?)

அடுத்தது: ‘உலகம் சூடாகிறது.’

(உண்மைதான். ஆனால் உலகத்தை முந்திக்கொண்டு கடைக்காரர் மனைவி ஹஃப்சா சூடாகிவிட்டார்.)

2

கடைக்காரர் அப்துல் வஹீது கண்ணாடிக் கதவை மூடியதே இல்லை. உள்ளே வரிசையாக ஏர்கோன்கள். குளிர் முழுக்கத் தெருவுக்கு. எதிர்க்கடைப் பூனைக்குத் தீராத சளி. செர்காம் கடற்கரையில் மீன்கள் ஐஸ் இல்லாமலே விறைத்தன. (மீன் கொஞ்சம் மிகை. பூனை நிஜம்.)

மாடியிலோ, தகரக் கூரைக்கு அடியில், மனைவி ஹஃப்சா தைத்துக்கொண்டிருந்தார். அங்கே முட்டையை மறந்து வைத்தால் ஆம்லெட்டாக எடுக்கலாம். ரவிக்கையானாலும் மலாய்ப் பெண்களின் பாஜு குரோங்கானாலும் அவர் தையலை நம்பித்தான் இந்தக் கடைக்கே ஆள் வரும். அது வஹீதுக்கும் தெரியும்.

“இங்க பாருங்க, பெருநாளுக்குள்ள மாடி குளிரணும். இல்லாட்டி மெஷினத் தூக்கிக்கிட்டு மெர்லிமாவ்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீங்களே தைங்க.”

வஹீதுக்குப் பொத்தான் தைக்கவும் வராது. அன்றே பசுமைக் கட்டட ஆலோசகருக்குப் போன் போட்டார்.

3

ஆலோசகர் நிர்மலாதேவியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முதல் வரைவில் கறுப்புக் கண்ணாடி மாட்டி, வாய் நிறைய இங்கிலீஷ் பேசவைத்து, அசடு வழிய அனுப்பிவைத்தேன். கெட்ட நேரம், அந்தப் பெண் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது.

[பசுமைக் கட்டடம் என்றதும் வஹீது சுவருக்குப் பச்சை பெயின்ட் அடிக்கும் காட்சியும் இருந்தது. நீங்கள் அதை எதிர்பார்த்தீர்கள். ஆகவே நீக்கினேன்.]

நிர்மலாதேவி ஒரு துணித்துண்டை வாசலில் பிடித்தார். அது தெருப்பக்கமாகப் படபடத்தது.

“பாருங்க அங்கிள், ரோட்டுக்கு, ஜாலானுக்கே ஏர்கோன் போட்டிருக்கீங்க. கதவ மூடுனா கீழ பாதி ஏர்கோன் போதும்லா. மிச்சத்த மேல மாட்டுங்க. தகரத்துக்கு அடியில சூடு தடுக்கிற விரிப்பு போட்டுரலாம். ஆனா முதல்ல கதவு.”

“கதவு மூடியிருந்தா கடையே துத்துப், மூடியாச்சுன்னு நெனச்சிட்டுப் போயிருவாங்கம்மா. எங்க அத்தா காலத்துலேர்ந்து இந்தக் கதவு எல்லாரையும் ‘வாங்க, வாங்க’ங்குது.”

“அவங்களும் வந்து வாங்கறாங்களே. காத்து!”

வாசலில் ஒரு கூட்டமே நின்றது. ஒருவர் கையிலும் பை இல்லை.

“ஆள் வராத கடைய காத்து வாங்குதும்பாங்க. உங்க கடைக்கு அதுக்கும் ஆள் வருது, அங்கிள்.”

(அடிக்குறிப்பு: காற்று வாங்குவது, மனிதர் செய்தால் சுகம்; கடை செய்தால் சங்கு.)

மாடியில் மெஷின் சத்தம் நின்றது. வஹீது மாடிப்படியை எட்டிப் பார்த்தார். ஹஃப்சா சிரிக்கிறாரா, மூட்டை கட்டுகிறாரா?

“அதோ, பேப்பர் படிச்சுக்கிட்டுக் கதவுல சாஞ்சிருக்காரே, அவரு யாரு, அங்கிள்?”

“அந்தப் பெரியவரா? ரிட்டையராகி கதை எழுதறாராம். தெனமும் ஆஜர். ஒரு கைக்குட்டகூட வாங்குனதில்ல.”

4

முடிவு ஒன்று: கதவு மூடுகிறது, மாடி குளிர்கிறது, ஹஃப்சா… (நல்ல முடிவு. விரல்தான் எழுத மறுக்கிறது.)

முடிவு இரண்டு: கதவு திறந்தே இருக்கிறது. தையல் மெஷின் லாரியேறி மெர்லிமாவுக்கு… (ஹஃப்சா கையில் கத்தரிக்கோல் இருக்கிறது. வேண்டாம்.)

இப்போதைய நிலவரம் இதுதான். வஹீது பிஸ்மில்லா சொல்லிக் கதவைத் தள்ளிவிட்டார். முக்கால் கதவு வந்தாயிற்று. மேலே மெஷின் இன்னும் ஓடவில்லை. இடையில் ஒரு செருப்புக்கால் தடுத்துக்கொண்டிருக்கிறது.

என்னுடையது.

“பெரியவரே, ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க!”

பஸ்ஸை விட்டுவிட்டு இங்கே குளிர் வாங்குகிற ஆளே முடிவையும் எழுதினால் நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆகவே நீங்களே எழுதுங்கள். கதவை மூடுவதா, ஹஃப்சாவை அனுப்புவதா, எல்லாம் உங்கள் கையில்.

அவசரமே இல்லை. வெயில் தாழட்டும்.