சரிவில் ஒரு கூடாரம்

ஆகஸ்டில் ஜெர்மனியின் லூனெபுர்க் புதர்வெளி ஊதாவாகப் பூக்கும்போது, பக்கத்தில் கூடாரம் போட இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எந்த முகாமிலும் இடமில்லை. கடைசியில் ஒரு விவசாயி தன் மேய்ச்சல் நிலத்தைக் காட்டினார். சரிவான நிலம், மேடு வடக்கில் இருந்தது.

“மேட்டுப் பக்கம் தலை வைடா, சேஷு. இல்லேன்னா ரத்தமெல்லாம் மண்டைக்கு ஏறிடும்,” என்றான், எர்லாங்கன் நகரிலிருந்து கூட வந்த நண்பன் ரகுநாதன்.

“வடக்கே தலை வைக்கக் கூடாது.”

“நீயா சொல்றே? கிரிஜா காம்பஸ் வச்சுப் பார்க்கறதை எவ்வளவு கேலி பண்ணியிருக்கே.”

சேஷாத்ரி கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தான். இந்தப் பூக்களைப் பார்க்க ஆசைப்பட்ட கிரிஜா, அவன் மனைவி, குளிர்காலத்தில் இறந்துபோனாள். ரகுநாதன் காரில் படுக்கப் போனான். சேஷாத்ரி இருவருக்கான கூடாரத்தில், பள்ளத்துப் பக்கம் தலை வைத்து, வழக்கம்போல் ஓர் ஓரமாகப் படுத்தான். மண்டை கனத்தது. அவன் திரும்பிப் படுக்கவில்லை.